மூச்சு விடச் சான்றிதழ்

பொம்மையின் தலை கையோடு வந்துவிட்டது.

“தலையைத் தாங்கிப் பிடிங்கன்னுதான் சொன்னேன். கழட்டச் சொல்லல” என்றார் வகுப்பு நடத்தும் அம்மையார்.

“நான் கழட்டல மேடம். கழுத்து லூசா இருந்தது. லேசா ஒரு திருகு திருகிப் பார்த்தேன்.”

“பொறந்த குழந்தையை யாராவது திருகிப் பார்ப்பாங்களா?”

“குழந்தையா இருந்தா பார்க்க மாட்டேன். இது பொம்மை. எங்க ஃபேக்டரியா இருந்தா இதை வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டேன்.”

சொன்னவர் பிரஷர் குக்கர் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஒவ்வொரு குக்கரையும் ஊதவைத்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, “சுருதி சரியில்லை” என்று ஒதுக்கித் தள்ளுவார். அதனால் அங்கே அவருக்கு விசில் என்றே பெயர். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் பலர் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் அதை இலவசமாகச் செய்துகொண்டிருப்பவர் விசில் ஒருவர்தான்.

அந்த அம்மையாருக்கு விசில் வைத்த பெயர் மூச்சு மேடம். டயர் கடைக்கு மேல்மாடியில், ரப்பர் நாற்றத்துக்கு நடுவே, பெற்றோராகப் போகிறவர்களுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். மூக்கால் இழுக்க வேண்டும், வாயால் விட வேண்டும். பிறந்த நிமிடத்திலிருந்து யாரும் சொல்லித்தராமலே எல்லோரும் செய்துவருகிற காரியம் இது. இதற்குப் பாதி மாதச் சம்பளத்தை ஃபீஸாகக் கேட்க ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். மேடத்திடம் அது தாராளமாக இருந்தது. கண்ணை மூடிக் கடல் அலையை நினைக்கச் சொல்வார். கீழே கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் புஸ்ஸென்று கேட்கும். “அதையே அலைன்னு நினைச்சுக்குங்க” என்பார். எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். காசு கொடுத்தாயிற்றே.

ஒரு வாரம், வயிற்றிலிருக்கும் குழந்தையோடு அப்பா பேச வேண்டும் என்றார். ஒருவர் உருகினார், ஒருவர் அழுதே விட்டார். விசில் மனைவியின் வயிற்றருகே குனிந்து, “உள்ள எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதா?” என்று கேட்டார். மனைவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

இந்த வகுப்பை அவர் எவ்வளவு கரித்துக் கொட்டினாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. காரணம், பிரசவ அறைக்குள் கணவனை விட வேண்டுமென்றால் வகுப்பில் தேறிய சான்றிதழ் வேண்டுமாம், ஆஸ்பத்திரி விதியாம். அப்படித்தான் மனைவி சொன்னாள். விசிலுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் அழுகையைத் தன் காதால் கேட்க வேண்டும். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தழுதழுக்கும். அதில் பொய் கிடையாது.

மனைவி இந்த வகுப்பைக் கண்டுபிடித்து, தன் சம்பளத்திலிருந்தே பணமும் கட்டியது சர்க்கரைப் பொட்டலச் சம்பவத்துக்கு மறுநாள். ஆஸ்பத்திரி எடை மெஷினில் அவள் ஏறி இறங்கியதும், விசில் பையிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். முள் ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. “இங்க எடுத்த எடையெல்லாம் பொய்!” என்று வரிசையில் நின்ற அத்தனை கர்ப்பிணிகளுக்கும் அறிவித்தார். வரிசை கலைந்து, எல்லோரும் மறுபடி எடை பார்க்கச் சொல்லி, டாக்டரே எழுந்து வெளியே வரும்படி ஆயிற்று. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி வாயே திறக்கவில்லை. தான் கண்டுபிடித்த குறையை நினைத்து அவள் பெருமைப்படுகிறாள் என்று விசில் எடுத்துக்கொண்டார்.

“இவ்வளவு காசு கொட்டணுமா இதுக்கு?” என்று வாரா வாரம் கேட்பார்.

“வீண் போகாது பாருங்க” என்பாள்.

இன்று கடைசி வகுப்பு. அப்பாக்களுக்கு மட்டும். பரீட்சை, பிறகு சான்றிதழ். காலையில் கிளம்பும்போது மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நெற்றியில் வியர்வை. காய் நறுக்க உதவியாக வந்திருப்பதாகச் சொன்ன அவள் அக்கா, பக்கத்தில் ஒரு பையோடு நின்றாள்.

“முதுகை வளைக்காதே. நேரா நில்லு” என்றார் விசில்.

“சரி. நீங்க முதல்ல கிளம்புங்க.”

“முகம் ஒரு மாதிரி இருக்கே?”

“ஒண்ணுமில்லங்க. கிளம்புங்க, லேட்டாகுது.”

இப்படிக் கிளம்பி வந்தவர் கையில்தான் இப்போது பொம்மையின் தலை தனியாக இருந்தது.

“பொம்மையில்லாம பரீட்சை கிடையாது” என்றார் மேடம்.

“இதோ, ஒரே நிமிஷம்.” விசில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ட்யூபை எடுத்தார். தொழிற்சாலையில் இரும்போடு இரும்பை ஒட்டுகிற பசை. கழுத்தைச் சுற்றித் தாராளமாகப் பிதுக்கி, தலையை வைத்து அழுத்திப் பிடித்தார்.

பக்கத்துப் பாயில் இருந்த மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “சார், மூஞ்சி பின்பக்கமா இருக்கு.”

விசில் அவசரமாகத் தலையைத் திருப்பப் பார்த்தார். தலை திரும்பவில்லை. கையை எடுக்கப் பார்த்தார். கையும் வரவில்லை. உள்ளங்கை பொம்மையின் தலையோடு ஒன்றாகிவிட்டிருந்தது.

“பாருங்க எல்லாரும்” என்றார் மருந்துக்கடைக்காரர். “சார் எவ்வளவு அழகாத் தலையைத் தாங்கிப் பிடிக்கறார்!”

மூச்சு மேடம் பொம்மைக்குத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பின்பக்கமாகப் பார்க்கும் முகத்தை மறைத்தார். வெளியாட்கள் கண்ணில் பட்டால் வியாபாரத்துக்குக் கெடுதல். அந்த நேரம் பார்த்து விசிலின் போன் அடித்தது. மனைவியின் அக்கா.

“தம்பி, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். வலி எடுத்திருக்கு. அவசரமே இல்ல, நீங்க க்ளாஸை முடிச்சுட்டு நிதானமா வாங்க.”

“அவசரம் இல்லையாமே! என்ன பேசறாங்க இவங்க!” விசில் துள்ளி எழுந்தார். “மேடம், சர்டிபிகேட்!”

“பரீட்சை எழுத… அதாவது, பொம்மையைக் குளிப்பாட்டிக் காட்ட வேண்டாமா?”

“இதே பொம்மையோட நாளைக்கும் வரட்டுமா?”

மேடத்துக்கு மூச்சு முட்டியது. அலை, கடல் எதுவும் கைகொடுக்கவில்லை. “நீங்க முதல் வகுப்புல பாஸ்!” என்று பளபளப்பான காகிதத்தை அவர் கக்கத்தில் செருகி, படி வரை வந்து வழியனுப்பினார்.

விசில் டாக்ஸிக்குள் பாய்ந்தார். “பிரசவ ஆஸ்பத்திரி. பறக்கணும்!”

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். துணி சுற்றிய கைக்குழந்தை. வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. “பச்சைப் புள்ளையை வெச்சுக்கிட்டுப் பறக்கக் கூடாது சார்.”

“இது புள்ளை இல்ல. பொம்மை.”

டிரைவர் மறுபடி கண்ணாடியில் பார்த்தார். பாவம் மனுஷன், மூளை கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று முடிவு கட்டியவர்போல இன்னும் மெதுவாக ஓட்டினார். “ஆமா சார், பொம்மைதான். நல்ல பொம்மை. அழவே இல்ல பாருங்க.”

ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது. விசிலுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்தது.

பிரசவ அறை வாசலில் ஒரு ஆயா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஓடி வந்தவரைக் கையை நீட்டி மறித்தாள்.

“குழந்தையைத் தூக்கிட்டு உள்ள போகக் கூடாது சார்.”

“குழந்தை உள்ளதான் இருக்கு! இது வேற!”

“வேற குழந்தையும் போகக் கூடாது.”

“அய்யோ, இது பொம்மைம்மா! இதோ சர்டிபிகேட், முதல் வகுப்பு. விடுங்க என்னை!”

கக்கத்திலிருந்து விழுந்த காகிதத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முதல்ல புள்ளையை யார்கிட்டயாவது குடுங்க.”

“நம்ப மாட்டீங்களா? இப்பப் பாருங்க!” இன்னொரு கையால் துணியைப் பற்றி, பலம்கொண்ட மட்டும் இழுத்தார். உடம்பு துணியோடு பிய்ந்து வந்து தரையில் உருண்டது. தலை மட்டும் உள்ளங்கையில் நின்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தது.

பெஞ்சு மொத்தமும் அலறியது. பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் ‘ஹா’வென்று சாய்ந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு நர்ஸ் ஓடி வந்து, விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். விசிலின் கையில் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தாள். பசை அசையவில்லை. பொம்மையின் உதட்டுச் சாயம் மட்டும் கரைந்து, மணிக்கட்டு வழியாகச் சிவப்பாகச் சொட்டியது. அப்போதுதான் கண் விழித்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்தார்.

“இவரைக் கீழே அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போங்க!” என்று கத்தினாள் நர்ஸ்.

அவசர சிகிச்சையில் வரிசை நீளமாக இருந்தது. கை ஒடிந்தவர், மண்டை உடைந்தவர் எல்லோருக்கும் பின்னால், ஒரு மண்டை அதிகமாக வைத்திருந்த விசில் காத்திருந்தார். மேலே இருந்து எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எத்தனையோ விசில்களைக் கேட்டுத் தேறியது, தேறாதது என்று பிரித்த காது, ஒரே ஒரு அழுகைக்காகத் தவித்தது. மனசு விட்டு அழுதால் தேவலை போலிருந்தது. டாக்டர் ஒருவழியாகக் கத்தரியால் தலையை வெட்டி எடுத்தார். உள்ளங்கையில் வட்டமாக ஒரு துண்டு ரப்பர் மட்டும் தங்கிவிட்டது.

இரண்டிரண்டு படியாகத் தாவி அவர் மேலே வந்தபோது, ஆயா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையில் வெள்ளைத் துணிப் பொதி. இது அசைந்தது.

“பொண்ணு சார். அம்மாவும் நல்லா இருக்காங்க. அவங்க அக்கா கூடவே இருக்காங்க.”

விசில் இரண்டு கையையும் நீட்டினார். ரப்பர் ஒட்டிய கை குழந்தையின் தலைக்குக் கீழே போய்ப் பதமாகத் தாங்கிப் பிடித்தது. எதையும் அவர் திருகிப் பார்க்கவில்லை. குழந்தை ஒரு தரம் வீறிட்டது. என்ன சுருதி என்றே அவர் கவனிக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை ஒழியாமல் அப்படியே நின்றார்.

பிறகு, தரையில் மிதிபட்டுக் கிடந்த சான்றிதழ் கண்ணில் பட்டது. பழைய விசில் திரும்பி வந்துவிட்டார்.

“பார்த்தீங்களா அநியாயத்தை? வாரா வாரம் போனேன். அவங்க சொன்னபடியெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டேன். சர்டிபிகேட்டும் வாங்கினேன். கடைசியில உள்ள நிக்கக் குடுத்து வைக்கல. அந்த க்ளாஸுக்குக் கட்டின காசு சுத்த தண்டம்!”

ஆயா காகிதத்தைப் பொறுக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இங்க யாரு சார் சர்டிபிகேட் கேட்டா? காலையில வலி எடுத்ததுமே உங்களை க்ளாஸுக்கு அனுப்பிட்டு, அக்காவோட டாக்ஸி பிடிச்சு வந்தாங்களே உங்க வீட்டம்மா, அவங்க அப்பவே சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க, கட்டின காசு வசூலாயிடுச்சுன்னு!”