கருவாட்டுக் கயித்துல தொங்குன ரெண்டாவது ஆல்பம்

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே வேலதான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயி அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வரணும்.

கருவாடு காயற எடத்துல காக்காய வெரட்ட குறுக்க கயிறு கட்டி, பழைய சிடிங்கள வரிசையா தொங்க வுட்டிருந்தாங்க. கிட்ட போயி பாத்தேன். எல்லாத்துலயும் தலைகீழா நிக்கற சைக்கிள் படம்.

பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

அது என் சிநேகிதன் பஷீரோட ராக் பேண்டு போட்ட ரெண்டாவது ஆல்பம். மொத ஆல்பத்துக்கு ஊரே ஆடுச்சு. ரெண்டாவது வந்தப்ப நான் ரெண்டே பாட்டு கேட்டுட்டு, பெரிய மேதாவியாட்டம் "பசங்ககிட்ட சரக்கு தீந்துபோச்சு"ன்னு பேஸ்புக்ல எழுதினேன். அத நம்பி யாரும் வாங்கல. பேண்டு கலைஞ்சுது. பஷீர் என்கூட பேசி பத்து வருஷத்துக்கு மேல ஆகுது. இப்ப பெரிய மார்க்கெட்ல கட வச்சிருக்கான். அங்க எதிர்ல வந்தாக்கூட கத்திரிக்காயப் பாக்கற மாதிரி திரும்பிக்குவான்.

"இது ஏதுக்கா?"ன்னு கருவாட்டுக்கார அக்காவக் கேட்டேன்.

"மார்க்கெட்ல கட வச்சிருக்கற பாய் குடுத்தாரு. ஒரு மூட்ட. எல்லாத்தையும் கட்டிட்டேன். ஒரு காக்கா கிட்ட வர்றதில்ல தம்பி."

மனுசங்கள நான் வெரட்டினேன். காக்காய ஆல்பமே வெரட்டுது.

இன்னிக்காவது முழுசா கேட்டு, நியாயமா எழுதி, பஷீர பேச வச்சிடணும்னு தோணுச்சு. ஒரு சிடி கேட்டேன்.

"அவுத்துக்க. ஆனா அந்த எடத்துல வேற ஏதாச்சும் கட்டிட்டுப் போ."

ஹெல்மெட்டக் கட்டிட்டு வந்தேன்.

வீட்ல மனைவி, "கருவாடு எங்க?"ன்னா.

"மறந்துட்டேன்."

"ஹெல்மெட்?"

"காக்கா ஓட்டிட்டிருக்கு."

தலையில அடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

பரண்ல கெடந்த பழைய ப்ளேயர எறக்கி, சிடிய சட்டையில தொடைச்சுப் போட்டேன். மூணாவது பாட்டுல "கதவத் தொற, கதவத் தொற"ன்னு நிக்காம வருது. கேக்கக் கேக்க எனக்குக் கண்ணுல தண்ணி.

சமையக்கட்டுல இருந்து கொரல் வந்துச்சு. "சிடி சிக்கிக்கிச்சு. எடுத்துத் தொடைச்சுப் போடுங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது. இது மனசோட தவிப்பு"ன்னேன்.

உடனே ஒக்காந்து பேஸ்புக்ல எழுதினேன். "அன்னிக்கி நான் எழுதினது தப்பு. ஒரே வரிய இருவது தடவ பாடற தைரியம் இந்த ஊர்ல வேற எவனுக்கும் வராது. மன்னிச்சிரு பஷீர்."

பத்து நிமிஷத்துல போன். பஷீர்தான்.

"டேய், அந்த வரிய நான் ஒரே தடவதான்டா பாடியிருக்கேன்."

நான் எட்டிப்போயி ப்ளேயர நிறுத்தினேன். அவனே மேல பேசினான்.

"மொத தடவ கேக்காமத் திட்டின. இப்ப கீறலக் கேட்டுட்டுப் பாராட்டியிருக்க. பாட்ட எப்பதான்டா கேப்ப?"

சொல்லிட்டு சிரிச்சான். இத்தன வருஷம் கழிச்சு அந்தச் சிரிப்பக் கேட்டதும் நானும் சிரிச்சுட்டேன்.

"நல்ல சிடி ஒண்ணு வீட்ல வச்சிருக்கேன். கருவடிக்குப்பத்துக்கு வா, ஒக்காந்து கேப்போம்."

அப்படியே கெளம்பினேன். மனைவி வாசல்லயே மறிச்சா. "மொதல்ல கருவாடு, ஹெல்மெட். அப்புறமா எங்க வேணா போங்க."

தேங்காய்த்திட்டுக்குப் போனேன். என் ஹெல்மெட் மேல மட்டும் ரெண்டு காக்கா ஒக்காந்திருந்துச்சு.

அந்த ஆல்பத்தோட அருமை எனக்கு அப்பதான் முழுசாப் புரிஞ்சுது.