மைக்ரோ செகண்டை மிச்சம் பிடிப்பவர்

புரோகிராம் எழுதுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்றால் தில்லைநகர்ப் பக்கம் வாருங்கள், எங்கள் அலுவலகத்திலேயே ஒருவரைக் காட்டுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அவர் அதில் ஏறமாட்டார். அது இறங்கி வருவதற்குள் படியேறிவிட்டால் பதினொரு நொடி மிச்சம். மேலே வந்ததும் இரைப்பு அடங்க நாலு நிமிடம் நாற்காலியில் சாய்ந்திருப்பார். அது கணக்கில் வராது.

இவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கிறவர்கள். மிச்சம் பிடித்த நேரத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

எங்களவர் பெயர் ஜெய்சங்கர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறார். மாம்பழச்சாலை வழியா, ஓடத்துறை வழியா, எந்த வழியில் எத்தனை சிக்னல், எந்தச் சிக்னலில் எத்தனை நொடி என்றெல்லாம் ஆராய்ந்து, ஒன்றரை நிமிடம் குறைவான பாதை ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதைக் காலை காபியின்போது எங்களுக்கு அரைமணி நேரம் விளக்குவார். ஆள் நல்லவர். கெட்டிக்காரரும்கூட. நமக்கு உடம்பு சரியில்லை என்றால் நம் வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பார். இந்த இனத்தைத் திட்டவும் முடியாமல் கொஞ்சவும் முடியாமல் நாம் தவிப்பது இதனால்தான்.

நாங்கள் செய்வது ஒரு சின்னப் பெட்டி. தொழிற்சாலைகளில் கிரேன் ஓட்டுகிறவரின் கூண்டுக்குள் மாட்டுவது. கொக்கியில் எத்தனை டன் தொங்குகிறது என்று காட்டும். அளவுக்குள் இருந்தால் பச்சை விளக்கு. அளவைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரிந்து, கொக்கி மேலே ஏறாதபடி பூட்டிக்கொள்ளும். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை ஜெய்சங்கரும் அஃபீஃபாவும் எழுதுகிறார்கள். அதற்கான கையேட்டை நான் எழுதுகிறேன். ‘பச்சை விளக்கு எரிந்தால் தயக்கமின்றித் தூக்கலாம்’ என்ற அழகான வாக்கியம் என்னுடையது. அதைப் பற்றி அப்போது எனக்குப் பெருமை இருந்தது.

அஃபீஃபா பாலக்கரையிலிருந்து வருகிறவர். வேலையில் சேர்ந்து மூன்று வருடம். அதிகம் பேசமாட்டார், அளந்து பார்ப்பார். அவர் எழுதிய பகுதியில் எக்செப்ஷன் என்று ஒன்றை வைத்திருந்தார். பயப்படாதீர்கள், எளிய சங்கதிதான். எடையைப் படிக்கப் போன இடத்தில் கேபிள் கழன்று கிடக்கிறது என்று வையுங்கள். அந்த நிமிடமே புரோகிராம் செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு, “என்னால் முடியவில்லை” என்று கூச்சலிடும். மேலே அதைப் பிடிக்க ஒரு பகுதி காத்திருக்கும். பிடித்ததும் சிவப்பு விளக்கைப் போட்டுக் கிரேனைப் பூட்டிவிடும். யாரும் பிடிக்காவிட்டால் புரோகிராமே நின்றுபோகும். எப்படியும் கூச்சல் காதில் விழாமல் போகாது.

ஜெய்சங்கர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். புளித்த மாவை முகர்ந்தவர்போல் முகத்தைத் திருப்பினார்.

“அஃபீஃபா, எக்செப்ஷன் போட்டிருக்கீங்களா?”

“ஆமா சார். கேபிள் கழண்டா தெரியணும்ல.”

“எத்தனை சைக்கிள் வீணாகும் தெரியுமா? ஸ்லோ ஆயிடும்.”

சைக்கிள் என்றால் பிராசசரின் ஒரு துடிப்பு. அலுவலகத்தில் இந்தச் சொல்லை அவர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார், வீட்டிலும் சொல்வார்போல. ஆயுத பூஜைக்கு வந்திருந்த அவர் மனைவி உமாமகேஸ்வரி, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னார்: “எப்பப் பாத்தாலும் சைக்கிள் மிச்சம், சைக்கிள் மிச்சம்ங்கறார். பொண்ணுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னா மட்டும் காது கேக்கறதில்லை.”

அஃபீஃபா விடவில்லை. “அளந்து பாத்தீங்களா சார்?”

இந்த இனத்தாரிடம் கேட்கக் கூடாத கேள்வி இது ஒன்றுதான். அவர்கள் அளப்பதில்லை, அவர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? பதினேழு வருடத்துக்கு முன்னால் முதல் வேலையில் மேலதிகாரி ஒருவர் சொன்னார். அவருக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார். அப்போதிருந்த கம்பைலர்களில் சிலவற்றுக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். நாம் எழுதுவதை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிற அந்தக் கம்பைலர்கள் பிறகு எத்தனையோ மாறிவிட்டன. இப்போது அவை எக்செப்ஷனுக்கான விவரங்களைத் தனி அட்டவணையாக ஒதுக்கி வைத்துவிடுகின்றன. தப்பு எதுவும் நடக்காதவரை அந்த அட்டவணையைப் புரோகிராம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தப்பு நடக்கும்போது மட்டும் அட்டவணையைப் புரட்ட வேண்டும், அதற்குத்தான் நேரம் ஆகும். ஜெய்சங்கர் மாறவில்லை.

“எடுத்துடுங்க. முடியலேன்னா மைனஸ் ஒண்ணுன்னு நம்பர் திருப்பி அனுப்பட்டும். கேக்கறவன் பாத்துக்குவான்.”

அஃபீஃபா எடுத்தார். எடையைக் கேட்கிற இடங்கள் மொத்தம் ஆறு. மைனஸ் ஒன்று வருகிறதா என்று பார்க்கும் வரியை ஐந்து இடங்களில் அவரே சேர்த்தார். ஆறாவது இடம் விளக்கையும் பூட்டையும் கவனிக்கிற பகுதி, ஜெய்சங்கர் எழுதியது. ஒவ்வொரு தடவையும் அப்படிப் பார்ப்பதும் வீண் வேலை என்று அந்த வரியை அவர் சேர்க்கவில்லை. போதாக்குறைக்கு, மைனஸ் எண்ணைப் பார்த்தால் வாடிக்கையாளர் மிரளுவார் என்று, மைனஸ் எது வந்தாலும் பூஜ்யம் என்று காட்டும்படி ஏற்கெனவே செய்துவைத்திருந்தார்.

பெட்டி துவாக்குடிப் பக்கம் ஓர் இரும்புப் பட்டறைக்குப் போயிற்று. மூன்று வாரம் கழித்து, பகல் பதினொரு மணிக்கு ஜெய்சங்கருக்கு போன் வந்தது. பேசியவர் வீரமலை, அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறவர். ஸ்பீக்கரில் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

“சார், கொக்கியில ஒரு பாய்லர் ட்ரம் மாட்டியிருக்குங்க. உங்க பொட்டி சைபர்ங்குது. பச்சை லைட்டு வேற.”

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.”

“பண்ணிட்டேங்க. திரும்பவும் சைபர்தான். ஒண்ணு இந்த ட்ரம்ம காத்துல செஞ்சிருக்கணும், இல்ல உங்க பொட்டி பொய் சொல்லணும்.”

“தூக்கிட்டீங்களா?”

“ஒரு சாண் ஏத்தினேன், அப்பவும் சைபர். மேல உத்தரம் மொனகுன சத்தம் சரியில்ல. எறக்கிட்டேன். கீழ ரெண்டு பேரு கயிறு புடிச்சுட்டு நின்னாங்க சார்.”

அஃபீஃபா மெல்ல “யா அல்லாஹ்” என்றார். ஜெய்சங்கர் எழுந்து அலுவலகக் காரின் சாவியை எடுத்தார். அன்று அவர் எந்தச் சிக்னலையும் எண்ணவில்லை. நானும் அஃபீஃபாவும் கூடப் போனோம். என் வாக்கியம் அந்தக் கூண்டில் ஒட்டப்பட்டிருந்ததே!

பட்டறையில் விஷயம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அதிர்ந்து அதிர்ந்து கேபிள் கழன்றிருந்தது. பெட்டிக்குள் மைனஸ் ஒன்று வந்தது, யாரும் பார்க்கவில்லை, பூஜ்யமாகிப் பச்சையாக எரிந்தது. ட்ரம்மும் வழக்கமானது இல்லை, கனமானதாக மாறி வந்திருந்தது. பக்கவாட்டில் சுண்ணாம்பால் எழுதியிருந்த எடை பதினெட்டு டன். கிரேனின் அளவு பதினைந்து.

கயிறு பிடித்த இரண்டு பேரும் அப்போது ஓரமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெய்சங்கர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை மூடி மூடித் திறந்தார்.

வீரமலை இறங்கி வந்தார். “சாருதான் இதை எழுதுனதுங்களா? வேகமாத்தான் வேலை செய்யுது, குத்தம் சொல்லக்கூடாது. பதினெட்டு டன்ன சைபர்னு என்னா வேகமா சொல்லுது பாருங்க!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெய்சங்கர் சிரிக்கவில்லை. “என் தப்புங்க,” என்றார். “கேபிள் கழண்டா அது கத்தியிருக்கணும். இவங்க அப்படித்தான் எழுதியிருந்தாங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன்.” சொல்லிவிட்டு அஃபீஃபா பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கூட்டத்தில் அவர் அதைச் சொல்லத் தேவையே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆள் நல்லவர் என்று.

கையேட்டுக்காரனும் அங்கே ஒருவன் நின்றான். அவன் தன் வாக்கியத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் சத்தமில்லாமல் மாற்றி எழுதினான்.

மறுநாள் அஃபீஃபா எக்செப்ஷனைத் திரும்பச் சேர்த்தார். ஜெய்சங்கர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

“அளப்போமா சார்?”

“அளங்க.”

கேபிள் சரியாக இருக்கும்போது அளந்தார்கள். எக்செப்ஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நேரம். வித்தியாசம் என்று சொல்ல எதுவும் அகப்படவில்லை. கேபிளைப் பிடுங்கி அளந்தார்கள்: நாற்பது மைக்ரோ செகண்ட். ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கி அதில் நாற்பது துண்டு.

“புரோகிராம் சைஸ் கூடியிருக்குமே?” இனத்தார் அவ்வளவு சீக்கிரம் சரணடைவதில்லை.

“பதினாலு பர்சென்ட் சார். பொட்டியில பாதி இடம் காலியாத்தான் கெடக்கு.”

அஃபீஃபா திரையைச் சற்று மேலே நகர்த்தி ஒரு வரியைக் காட்டினார். “சார், இது நீங்க எழுதினது. ஒருதடவை எடையைக் காட்டினதும், அடுத்ததுக்கு முன்னாடி எரநூறு மில்லி செகண்ட் சும்மா தூங்கச் சொல்லியிருக்கீங்க.”

“நம்பர் ரொம்ப வேகமா மாறினா படிக்க முடியாதுன்னு…”

“எரநூறு மில்லி செகண்ட்னா ரெண்டு லட்சம் மைக்ரோ செகண்ட் சார்.”

ஒரு நொடிக்கு ஐந்து முறை வீதம் இரண்டு லட்சத்தைப் படுக்கவைத்துத் தாலாட்டிவிட்டு, வருடத்தில் ஒருநாள் வரக்கூடிய நாற்பதுக்காக ஒரு மனிதர் மல்லுக்கட்டியிருக்கிறார். அவரே முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். அது சிரிப்பினால் வந்த ஈரம் மட்டும்தானா என்று நான் விசாரிக்கவில்லை.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? புதிய புரோகிராம் துவாக்குடியில் ஓடுகிறது. போன மாதம் ஒருநாள் கேபிள் கழன்றதாம், சிவப்பு விளக்கு எரிந்து கிரேன் பூட்டிக்கொண்டதாம். வீரமலை போன் செய்து, “இப்பதான் சார் உங்க பொட்டிக்கு வாய் வந்திருக்கு” என்றார். ஜெய்சங்கர் அன்று எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார். ஆனால் நேற்று பெட்டியின் திரையில் வரும் மெனு ஒன்றை அவர் திருத்திக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்தேன். ஆள் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும் பக்கம் அது. அதை எட்டு மைக்ரோ செகண்ட் வேகமாக்கிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அளந்துவிட்டுத்தான் செய்கிறார். அது பெரிய முன்னேற்றம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை, இவர்களை எங்கேயாவது பஸ்ஸில் பார்த்தால் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். தாராளமாக ஒதுங்குங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று காலை வண்டியை எடுத்தபோது ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தீர்களே, தாடைக்குக் கீழே அந்த வாரை மாட்டினீர்களா? இரண்டு நொடி ஆகும், ஒத்துக்கொள்கிறேன். மாட்டவில்லையா? அப்படியானால், மிச்சமான அந்த இரண்டு நொடியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?