கன்னிவாடியில் விரிப்பைத் தூக்கிய அடிப்பக்கம் அண்ணன்

உலகத்தில் நடக்கிற கெடுதல் எல்லாம் தரை விரிப்புக்கு அடியில்தான் நடக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர், திண்டுக்கல்லில் என்னோடு வேலை பார்த்த அடிப்பக்கம் அண்ணன்தான். வீட்டில் சண்டையா, பிள்ளைக்குத் தும்மலா, எதுவானாலும் "முதல்ல விரிப்பைத் தூக்கி அடிப்பக்கத்தப் பாரு" என்பார். பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இரண்டாயிரமாவது வருடத்தை ஒட்டி ஊரெல்லாம் வினைல் ஷீட் மோகம். வெடித்த சிமெண்ட் தரை மேல் சுருளைப் பிரித்து ஒட்டினால் ஒரே நாளில் வீடு பங்களா ஆகிவிடும். எங்கள் கடையில் அண்ணன் ஷீட் ஒட்டுகிறவர், நான் சுருள் தூக்குகிறவன். ஒட்டி முடித்தாலும் அவர் கிளம்பமாட்டார். வீட்டுக்காரரை உட்காரவைத்து ஆரம்பிப்பார்.

"வினைலும் ரப்பரும் மாமியா மருமக மாதிரி. செத்த நேரம் பக்கத்துல இருக்கலாம். மாசக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணு கெடந்தா மூஞ்சி மாறிப்போயிரும். ரப்பர் அடி வச்ச விரிப்பு போடாதீக. பருத்தி ஜமுக்காளம் போடுங்க. அதையும் வாரம் ஒருக்கா தூக்கி, மண்ணைக் கூட்டி, தரையைக் காயவிடுங்க."

இத்தோடு விட்டால் பரவாயில்லை. சில மாதம் கழித்து, அழைக்காமலே சோதனைக்குப் போவார். வீட்டுக்காரர் குளித்துவிட்டுத் துண்டோடு வந்தால், கூடத்தில் இவர் முட்டிபோட்டு விரிப்பின் ஓரத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஒருமுறை துக்க வீட்டுக்கு மாலையோடு போனோம். எல்லோரும் குனிந்து அழுதார்கள். இவரும் குனிந்தார், விரிப்பின் மூலையைத் தூக்கினார். "பாவம், ரப்பர்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். செத்தவருக்காக அழுகிறார் என்று நினைத்து, மூத்த மகன் இவரைக் கட்டிப்பிடித்துக் கதறினான்.

எனக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் கூடவில்லை. பெண் வீட்டில் நாலு வார்த்தை கேட்டால் எனக்கு ஒரு வார்த்தையும் வராது. பையன் ஊமையோ என்று இரண்டு இடம் தட்டிப்போனது. கன்னிவாடியில் ஓர் இடம் வந்தபோது அக்கா சொல்லிவிட்டாள்: "ஏலே, இதுவும் போச்சுன்னா இனி எவன் வீட்டு வாசலையும் நான் மிதிக்க மாட்டேன்."

ஆகவே, வாய் உள்ள ஆள் ஒருவர் துணைக்குத் தேவைப்பட்டது. அண்ணனை விட்டால் எனக்கு வேறு யார்? பஸ்ஸில் அக்கா அவரிடம் சத்தியம் வாங்கினாள்.

"அண்ணே, அங்க தரையப் பாக்கக்கூடாது."

"நான் என்ன கிறுக்கனா? பொண்ணத்தான் பாப்பேன்."

பெண் வீட்டில் ஒட்டியிருந்தது எங்கள் கடையில் விற்ற சாம்பல் கட்டம் போட்ட ஷீட். நடுவில் பொருட்காட்சியில் வாங்கிய பெரிய ரோஜாப்பூ விரிப்பு. எங்களை அதன் மேல்தான் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் முகட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். கேசரி வந்தது. வலது கை கேசரியை எடுத்தது. இடது கை மெல்ல விரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்தது. அக்கா அந்தக் கையைக் கிள்ளினாள். கை நிற்கவில்லை.

"எல்லாரும் செத்த எந்திரிங்க!"

பூரானோ என்னவோ என்று எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். அவர் விரிப்பைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். விரிப்பின் அடி ரப்பர். அது கிடந்த அளவுக்கு அப்படியே மஞ்சள் பாய்ந்து கிடந்தது தரை.

பெண்ணின் அப்பா தக்காளி போடுகிற விவசாயி. அவர் முகம் தக்காளியாகவே ஆகிவிட்டது. "பொண்ணு பாக்க வந்தீகளா, வீட்டைச் சோதன போட வந்தீகளா? வெளிய போங்கய்யா!"

உள்ளேயிருந்து ஒரு குரல். "அவுக சொல்றது சரிதானப்பா. ஓரத்துல நெறம் மாறுதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். ரோசாப்பூ அழகா இருக்கு, எடுக்காதேன்னது நீங்கதான்."

பெண் செல்வி வெளியே வந்து நின்றாள். அண்ணனுக்கு உயிர் வந்தது.

"தேச்சுப் பாத்தியா தாயி?"

"சோப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் பாத்தாச்சு."

"போகாது தாயி. இது அழுக்கில்ல. நெறமே மாறிருச்சு."

இருவரும் கறைக்குப் பக்கத்தில் குத்தவைத்து, காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசினார்கள். மாப்பிள்ளை நான் சுருட்டிய விரிப்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன். செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைக் கீழ வைங்க. கை வலிக்கும்ல?"

"எங்க வைக்க?" என்றேன். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பேசிய முதல் வார்த்தை. அக்கா வாயைப் பிளந்தாள்.

ஆனால் செல்வியின் அப்பா இறங்கவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார். எங்கள் பக்கம் அதற்கு அர்த்தம் முடியாது என்பதுதான். பஸ்ஸில் அக்கா அழுதுகொண்டே வந்தாள். அண்ணன் திண்டுக்கல் வரை பஸ்ஸின் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் கடை திறந்தால், முதலாளியின் அறையில் தரையையே காணோம். அந்தச் சாம்பல் கட்ட ஷீட் வேறு எங்கும் மிச்சமில்லாததால், அண்ணன் அங்கிருந்து அறுத்தெடுத்துவிட்டார்.

"ஏய்யா, ஊரான் தரையக் காப்பாத்த என் காலடியில கத்தி வச்சுட்டானே!" என்று முதலாளி குதித்தபோது, அண்ணன் கன்னிவாடியில் முட்டிபோட்டிருந்தார். அங்கே நடந்ததைச் செல்விதான் பிறகு எனக்குச் சொன்னாள்.

கறை பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, கட்டத்துக்குக் கட்டம் பொருந்தப் புதுத் துண்டை வைத்திருக்கிறார். அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். ஒட்டி முடித்ததும் அண்ணன் நிமிர்ந்திருக்கிறார்.

"பையன் பேசமாட்டான், நெசந்தான். ஆனா இத்தன வருசமா நான் பேசுறதக் கேட்டுக்கிட்டு எங்கூடவே இருக்கான். அதுக்கு எம்புட்டுப் பொறுமை வேணும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க."

அவள் அப்பா முதலில் அடக்கிப் பார்த்தாராம். பிறகு தோள் குலுங்கச் சிரித்துவிட்டார். "அது ஒண்ணே போதும்யா. நாள் பாருங்க."

கல்யாணத்தன்று போட்டோக்காரர் "மாப்பிள்ளை பக்கம் பெரியவங்க வாங்க" என்று கூப்பிட்டார். அண்ணனைக் காணோம். மேடை ஓரத்தில் ஒரு வேட்டியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

"அண்ணே! அதை அப்புறம் பாப்போம். வந்து எம்பக்கத்துல நில்லுங்க!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் அவ்வளவு சத்தமாக அதற்கு முன்பும் பின்பும் யாரையும் கூப்பிட்டதில்லை.