நிற்கும் வண்டிகள் சட்டம்

ஏழு கடலையும் ஏழு மலையையும் தாண்டத் தேவையில்லை. நடந்து போகிற தூரத்தில்தான் மேழிநாடு என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மன்னருக்கு ஒரு தேர் உண்டு. அவருடைய பாட்டனார் காலத்திலேயே அதன் அச்சு முறிந்துவிட்டது. சரிசெய்தால் முறிந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் யாரும் அதில் கைவைக்கவில்லை.

ஆண்டுதோறும் முடிசூட்டு விழாவன்று மன்னர் அந்தத் தேரில் ஏறி அமர்வார். வீதியின் இருபுறமும் நிற்கும் குடிமக்கள் தேர் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு மெல்லப் பின்னோக்கி நடப்பார்கள். மேலே இருப்பவருக்குத் தேர் முன்னால் போவது போலவே தோன்றும். மன்னர் கையசைப்பார். நாடு முன்னேறுகிறது என்று புலவர்கள் பாடிப் பரிசு வாங்கிப் போவார்கள்.

அப்படிப்பட்ட நாட்டில் சாலையில் ஓடும் வண்டிகளுக்கெல்லாம் வரி போட்டார்கள். உப்பு விற்கும் காத்தாயியின் மாடு அந்த ஆண்டுதான் நோயில் செத்தது. மிஞ்சியது ஒரு கன்று. அது வளர்ந்து வண்டியில் பூட்டும் வயது வரும்வரை வண்டியைக் காப்பாற்றிவிட்டால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்று அவளும் கணவன் சடையனும் வண்டியை வாசலோரமாக நிறுத்திவிட்டார்கள். ஓடாத வண்டிக்கு வரி ஏது? ஊரில் பலரும் அப்படியே செய்தார்கள். இரண்டு ஆண்டு இப்படியே போனது.

சாலை அமைச்சர் நெடுமொழியாருக்கு இது பொறுக்கவில்லை.

"ஓடும் வண்டி வரி கட்டுகிறது. நிற்கும் வண்டியோ அரசிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நிற்கிறது. மன்னா, இது ஓசையில்லாத கலகம்!" என்றார் அவையில்.

முரசு அறைந்தார்கள். வண்டியை நிறுத்தியிருப்பவர்கள் தலைநகருக்கு வந்து, என் வண்டி ஓடாது என்று உறுதிமொழி கூறிக் கைநாட்டு வைக்க வேண்டும். வைக்காதவர் வண்டி நின்றாலும் ஓடியதாகவே கொள்ளப்படும். காத்தாயி கால் வீங்க நடந்து போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள்.

வந்து உட்காருவதற்குள் இன்னொரு முரசு. நிற்கும் வண்டி பொதுத்தெருவில் நிற்கலாகாது. சொந்தக்காரர் வீட்டுக்குள்தான் நிற்க வேண்டும். சரியென்று சடையன் வண்டியை உள்ளே உருட்டப் போனான். சாலைக் கண்காணி மருதையன் ஓடிவந்து தடுத்தான்.

"உருட்டுனா ஓடுன கணக்குய்யா! ஓடாதுன்னு உம் பொண்டாட்டி சத்தியம் பண்ணியிருக்குல்ல?"

"அப்ப எப்படிங்க உள்ள கொண்டுபோறது?"

"தூக்கிட்டுப் போ."

தெருவே கூடித் தூக்கியது. வாசல் குறுகல், சுவரை இடித்தார்கள். இருந்தது ஒற்றை அறை. வண்டி உள்ளே போனதும் காத்தாயியும் சடையனும் பானை சட்டியோடு தெருவுக்கு வந்தார்கள். கன்றையும் தெருவிலேயே கட்டினார்கள். மருதையன் மறுபடி சோதனைக்கு வந்தான்.

"வண்டி உள்ள இருக்கா?"

"உள்ளதாங்க இருக்கு. நாங்கதான் வெளிய கெடக்கோம்."

"சட்டத்துல உங்களப் பத்தி ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி, மனநிறைவோடு அடுத்த வீட்டுக்குப் போனான் அந்தப் புண்ணியவான்.

அவ்வாண்டு முடிசூட்டு விழா வந்தபோது நாட்டில் வண்டிகளெல்லாம் வீட்டுக்குள்ளும் குடிமக்களெல்லாம் தெருவிலும் இருந்தார்கள். மன்னர் தேரேறினார். மக்கள் வழக்கம்போல் பின்னோக்கி நடக்கப் பார்த்தார்கள். அடுப்பு இடித்தது, கட்டில் தடுத்தது, ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

"தேர் ஏன் நின்றுவிட்டது?" என்றார் மன்னர்.

காத்தாயிக்கு அடக்க முடியவில்லை.

"அது என்னிக்கு ராசா ஓடுச்சு? நிக்கிற வண்டிய வீட்டுக்குள்ளதான் வெக்கணும்னு சட்டம் போட்டீங்களே, அரமனைச் செவுர எப்ப இடிக்கப்போறீங்க?"

நெடுமொழியார் அசரவில்லை.

"தேர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அச்சில் சிறு தளர்ச்சி, அவ்வளவே. இந்த அம்மையார் தம் வண்டி ஓடாது என்று தாமே கைநாட்டு வைத்திருக்கிறார். ஓடாத வண்டிக்கு அச்சு எதற்கு, சக்கரம் எதற்கு? கழற்றுங்கள்!"

"ஐயோ சாமி, கன்னு வளந்துருச்சு! வர்ற மாசம் பூட்டிருவோம் சாமி!" என்று காத்தாயி அவர் காலில் விழுந்து கதறினாள்.

"ஓட்டும் எண்ணம் வேறு இருந்ததா? அப்படியானால் உறுதிமொழியே பொய்!" என்று அதிர்ந்துபோனார் அமைச்சர்.

கழற்றிக்கொண்டு போனார்கள். உப்பு வண்டியின் அச்சு தேருக்குச் சேருமா? சேரவில்லை. சக்கரங்களை மட்டும் அழகுக்காகத் தேரின் இருபக்கமும் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு தேர் இனி ஒருபோதும் நிற்காதிருக்க ஒரு சட்டம் வந்தது. விழா நாளில் மட்டுமல்ல, எந்த நாளும், எந்த வீதியிலும், குடிமக்கள் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். வெட்கமில்லாமல் நடந்தார்கள். சில மாதங்களில் அதுவே வசதியாக இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

வளர்ந்துவிட்ட காளையின் முதுகில் இரண்டு உப்பு மூட்டைகளைப் போட்டு, காத்தாயி ஒருநாள் சந்தைக்குப் புறப்பட்டாள். முன்னே பார்த்து, நேராக நடந்தாள். எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவர்களெல்லாம் காளைமேல் வந்து மோதினார்கள். திரும்பி அவளைத்தான் திட்டினார்கள்.

"ஏம்மா, கண்ணு தெரியல? நாடே முன்னேறிக்கிட்டிருக்கு, நீ மட்டும் குறுக்க வர்றியே!"