வாத்தியார் வாங்கிய முட்டை

வாத்தியார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பதினெட்டு வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியது போதும். இனி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பயிற்சிப் பாடம் வடிவமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போவது. ஒரு கம்பெனியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டும் விட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சொந்தமாக வடிவமைத்த பயிற்சி ஒன்றை எழுதிக் கொண்டுவர வேண்டும். யாருக்கு என்ன தெரியவில்லை, எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள், முன்னால் எத்தனை மார்க், பின்னால் எத்தனை மார்க்? நாலு வாரம் அவகாசம்.

கற்றுக்கொள்ள ஆள் வேண்டுமே! வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது நெய்க்கு அலைவார்களா? வீட்டில் சலவை மிஷின் இருந்தது. அதை ஓட்டத் தெரியாத சம்சாரமும் இருந்தாள். ஏழு வருஷமாக அவள் "ஏங்க, இதுல எந்தப் பட்டன்?" என்று கூப்பிடுவாள். இவர் போய்த் துணியைப் போட்டு, எடுத்து, உதறி, காயவும் போட்டுவிட்டு, "இதுகூடத் தெரியலையே பாவம்" என்று பெருமையோடு பரிதாபப்படுவார்.

நாலு நாள் உட்கார்ந்து தயாரித்தார். சுவரில் ஒட்டப் படம். தன் குரலிலேயே ஏழு நிமிஷ வீடியோ. பத்துக் கேள்வி. பல் டாக்டரிடம் வரவேற்பாளர் வேலை பார்க்கும் சம்சாரத்தை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தார்.

"பாடத்துக்கு முன்னாடி ஒரு பரீட்சை. பதில் தெரியலைன்னா வெட்கப்படாதே."

"தெரிஞ்சா?"

"உனக்குத் தெரியாது. எழுது."

மூன்றே நிமிஷத்தில் தாளை நீட்டினாள். வாத்தியாரின் சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை. பத்துக்குப் பத்து. போதாக்குறைக்கு எட்டாவது கேள்விக்குப் பக்கத்தில், 'கேள்வியே தப்பு' என்று காரணத்தோடு எழுதியிருந்தாள்.

"உனக்கு மிஷின் ஓட்டத் தெரியுமா?"

"மிஷின் வந்த அன்னிக்கே அதோட வந்த புஸ்தகத்தைப் படிச்சுட்டேனே."

"அப்புறம் எதுக்கு ஏழு வருஷமா என்னைக் கூப்பிட்டே?"

"கூப்பிட்டா வர்றீங்களே!"

வாத்தியாருக்குக் கோபப்படவும் நேரமில்லை. பாடத்துக்கு முன்னாலேயே பத்து என்றால் பின்னால் எதைக் காட்டுவது? வேலை கைநழுவிப் போய்விடுமே!

"இந்தாம்மா, இன்னொரு தடவை எழுதேன். ஒரு ஆறு ஏழு தப்பு விடு."

"பிட் அடிச்ச பசங்களை வெளியில நிக்கவைக்கிற ஆளு பேசுற பேச்சா இது?"

"ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பதுபோல.

"ஆள் இருக்கு. சமையலறைக்கு வாங்க."

அங்கே அவள் பத்துக் கேள்வி கேட்டாள். உப்பு எந்த டப்பாவில்? குக்கரில் எவ்வளவு தண்ணீர்? இந்தக் கேள்விக்கு மட்டும் வாத்தியார் தைரியமாக, "தேவையான அளவு" என்றார். மொத்த மார்க் முட்டை.

"அருமையான மாணவர்!" என்றாள். "பாடத்தை நீங்க வடிவமைங்க. நான் நடத்துறேன். நீங்களே படிங்க."

அன்றைக்கே அடுப்படிக்குப் போனவர்தான். முதல் நாள் வீடு முழுக்கப் புகை. இரண்டாம் நாள் விரலில் கட்டு. ஆனால் வேலை தெரிந்த மனுஷன் அல்லவா, ஒவ்வொரு தப்பையும் குறித்து, படிப்படியாக அட்டை எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொண்டே வந்தார். மூன்றாம் வாரம் சம்சாரம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பதினெட்டு வருஷத்தில் எந்த வகுப்பும் கொடுக்காத சந்தோஷம் அது. பின் பரீட்சையில் ஒன்பது மார்க். மறுபடியும் நறுக்கிக்கொண்ட விரலின் கட்டோடு தட்டச்சு செய்ய முடியாததால், அவர் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்து, கட்டி, பையில் வைத்து அனுப்பினாள்.

நேர்காணலில் மேலாளர் அம்மா கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"எல்லாரும் மார்க்கோட நிறுத்திடுவாங்க. நீங்க அதுக்கப்புறமும் யோசிச்சிருக்கீங்க!"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். அவர் சொல்லாத பக்கம் அது. 'கற்றது நிலைக்கிறதா என அறிய, மாணவர் ஆறு மாதம் தினமும் தனியாகச் சமைப்பார். பயிற்சியாளர் மாதந்தோறும் அறிக்கை அனுப்புவார்.'

"வேலை உங்களுக்குத்தான் சார். ஆனா இந்த ஆறு மாச அறிக்கையும் வந்தாத்தான் நிரந்தரம்."

வீட்டுக்கு வந்தபோது சம்சாரம் காலை நீட்டி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வாத்தியாருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். கிடைத்திருப்பது வேலையல்லவா! பையை வைத்துவிட்டு அரிசியைக் களைந்தபடியே கேட்டார்.

"ஆறு மாசம் கழிச்சு?"

"பரீட்சை வைப்பேன்."

"பெயிலானா?"

"மறுபடியும் ஆறு மாசம்."

"பாஸானா?"

"நல்லா வேலை தெரிஞ்ச ஆளை யாராவது நிறுத்துவாங்களாங்க?"