நூற்று இருபத்தாறு கிராம் கிளி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், சம்பந்தி அம்மாவின் வலது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முதல் வரியிலேயே கிளியின் நலம் விசாரித்திருந்தீர்கள். இரண்டாம் வரியிலும் கிளிதான். மூன்றாம் வரியில் கிளியின் கூண்டு. என் நலத்தை ஐந்தாம் வரியில், அதுவும் அடைப்புக்குறிக்குள் விசாரித்திருந்தீர்கள். இதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாகப் போய்த் தராசு சரிபார்த்தவன் நான். எது எத்தனாவது வரியில் வருகிறது என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்த குரலோடு நான் எப்படிப் போட்டி போடுவது? நீங்கள் "வணக்கம் சம்பந்தி" என்றாலே ஏதோ வண்டியைத் தவறவிட்ட மாதிரி நான் பையைத் தேடுகிறேன். என் குரலோ, கேட்டதும் கடைக்காரர்கள் படிக்கல்லை ஒளித்துவைக்கிற குரல். ஆகையால்தான் கடிதம். எழுத்தில் இருவரும் சமம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் இருவரும் வேலை நிமித்தம் ஒரு வருடத்துக்கு வெளிநாடு கிளம்பியபோது, அவர்கள் செல்லமாக வளர்க்கும் துரை என்கிற கிளியை மூன்று மாதம் உங்கள் வீட்டில், மூன்று மாதம் எங்கள் வீட்டில் என்று மாற்றி மாற்றி விடுவதாகத் தீர்மானித்தார்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு என் மகள் போனில் முகம் காட்டித் துரையைப் பார்ப்பாள். துரை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குத்தான் போன். உங்கள் முறை நடந்த மூன்று மாதமும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதுவும் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள். பாதி நேரம் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. மற்ற ஆறு நாளும் ஆறு மணிக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்து, இந்நேரம் அங்கே சிரித்துக்கொண்டிருப்பார்கள், இந்நேரம் அவர் குரலைக் குழைத்து ஏதாவது சொல்லியிருப்பார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்குப் பெயர் பொறாமை என்கிறாள் என் மனைவி. பெற்றவன் நான் இங்கே கிடக்க, கிளியைச் சாக்கிட்டு என் பெண்ணைத் தினமும் பார்ப்பவர் நீங்கள். இதற்குப் போய் பொறாமை என்றா பெயர்? சரி, பொறாமைதான். எழுதிவிட்டேன், போதுமா?

என் முறை வந்தது. நீங்களே கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். கூடவே ஒரு பட்டியல்: காலையில் காரட், வெள்ளரி, மதியம் பீன்ஸ், கீரை, மாலையில் குடைமிளகாய், விதை ஒரு தேக்கரண்டிக்கு மேல் கூடாது. "எல்லாத்தையும் நல்லா சாப்பிடும் சம்பந்தி, கவலையே படாதீங்க" என்று வேறு சொன்னீர்கள். அன்று துரையின் எடை நூற்று இருபத்தொரு கிராம். என் சொந்தத் தராசில் நானே நிறுத்தது. நீங்கள் படியிறங்கிப் போனதும் நான் முதல் காரட் துண்டை நீட்டினேன். துரை அதை அலகால் வாங்கி, இப்படி ஒருமுறை, அப்படி ஒருமுறை திருப்பிப் பார்த்து, என் செருப்பின் மேல் போட்டது. அன்றிலிருந்து ஐந்து வாரம் அது தின்றது சூரியகாந்தி விதை மட்டும். நானும் பாவம் பட்டினி கிடக்கக் கூடாதே என்று ஒரு கரண்டி, பிறகு இன்னொரு கரண்டி என்று போட்டுவிட்டேன். ஆறாவது வாரம் நிறுத்தால் நூற்று முப்பத்தெட்டு.

பறவை வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரல்ல கொழுப்பு படிய ஆரம்பிச்சிருக்கு. விதையைக் குறைச்சு பச்சைக் காய் குடுத்தே ஆகணும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்து, "இதுக்கு முன்னாடி யார் வீட்ல இருந்துச்சு? ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டிருக்காங்களே!" என்று கேட்டார். நான் கூரையில் ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன். அன்று மாலை விவரம் கேட்ட மகள், "மாசக் கடைசிக்குள்ள நூத்தி இருபத்தாறுக்கு வரலைன்னா மாமா வீட்டுக்கே அனுப்பிடலாம்பா. பாவம், நீங்களும் எவ்வளவுதான் கஷ்டப்படுவீங்க" என்றாள். சம்பந்தி, என்னை எத்தனையோ வியாபாரிகள் எத்தனையோ வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறார்கள். எதுவும் தைக்கவில்லை. அந்தப் "பாவம்" தைத்தது.

வேலையில் இறங்கினேன். காரட்டைக் கயிற்றில் கட்டிக் கூண்டுக்குள் தொங்கவிட்டேன்; துரை அதில் ஏறி ஊஞ்சலாடியது. கீரையைக் கழுவி ஈரத்தோடு வைத்தேன். அதன் மேல் உருண்டு புரண்டு சோப்பு இல்லாத குறையாகக் குளித்தது. பீட்ரூட்டைத் துருவி விதையோடு கலந்துவைத்தேன். ஒவ்வொரு விதையாகத் துடைத்துத் தின்றுவிட்டுத் துருவலையெல்லாம் ஜன்னல் வழியே உதறியது. கீழ்வீட்டில் மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். கொடியில் காய்ந்த அவருடைய வெள்ளைக் கோட்டில் அத்தனையும் விழுந்து, அவர் கவனிக்காமல் அதையே மாட்டிக்கொண்டு கடை திறந்து, மருந்து வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிட்டார்களாம். அவர் மாடியேறி வந்து கத்திய கத்தலில் துரை பயந்து பத்து விதை கூடுதலாகத் தின்றது. இதற்கிடையில் என் மனைவி கூண்டருகே உட்கார்ந்து, "என் ராஜா இல்ல, என் தங்கம் இல்ல, ஒரே ஒரு வெள்ளரி, அம்மாவுக்காக" என்று கொஞ்சுகிறாள். முப்பத்துநான்கு வருடமாக இந்த வீட்டில் காய் தொடாமல் சாப்பிடுகிறவன் நான் ஒருவன் இருக்கிறேன். என்னை ஒரு நாளாவது ராஜா என்று சொல்லியிருப்பாளா? கேட்டுவிட்டேன். "உங்களுக்கு ஊட்டியிருந்தா நீங்க விரலைக் கடிச்சிருப்பீங்க. இது வெறும் துப்புது" என்றாள்.

கடைசியில் உங்கள் வித்தை என்ன என்று தெரிந்துகொள்ள அவளை உங்கள் வீட்டுக்கு அனுப்பினேன். சம்பந்தி அம்மாவின் முழங்காலைப் பார்க்க வந்ததாக அவள் சொன்னது பொய். வேவு பார்க்கத்தான் வந்தாள். மன்னிக்கவும். காலையில் போனவள் மாலையில் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். "அவர் கிளிக்குக் குடுக்கவே மாட்டாராம்" என்றாள். "என்னது?" என்றேன். "ஒரு தட்டுல காய நறுக்கி வெச்சுக்கிட்டு, கிளி முன்னாடி உட்கார்ந்து, ஆகா ஓகோன்னு அவர் பாட்டுக்கு சாப்பிடுவாராம். கிளி பக்கமே திரும்ப மாட்டாராம். நமக்கு இல்லையேன்னு அதுக்குத் தாங்காதாம். ஓடி வந்து அவர் தட்டுலேர்ந்து பிடுங்கித் தின்னுமாம். சம்பந்தி எவ்வளவு பொடியா, எவ்வளவு அழகா நறுக்குறார் தெரியுமா? நானும் ஒரு தட்டு சாப்பிட்டேன்" என்றாள். கிளியும் போகப்போகிறது, என் பெண்ணின் போனும் போகப்போகிறது, இப்போது என் மனைவியும் உங்கள் வீட்டில் காய் தின்றுவிட்டு வந்து நிற்கிறாள். என் நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, வயிற்றெரிச்சலில் சாப்பிடுகிற பிராணி அது. அது தெரிந்ததும் எனக்குத் துரை மேல் முதல் முறையாக ஒரு பாசம் வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே வியாதி. மறுநாள் காலை நானும் தட்டோடு உட்கார்ந்தேன். ஒரு காரட் துண்டை வாயில் போட்டு, ஆகா என்றேன். துரை என்னை ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி மற்றக் கண்ணால் பார்த்தது. நான் எத்தனை கடைக்காரர்களை அப்படிப் பார்த்திருப்பேன்! சமையலறை வாசலில் நின்ற மனைவி, "உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கே பசி போயிடும்போலிருக்கு, அதுக்கு எப்படிங்க பசிக்கும்?" என்றாள். எட்டு நாள் முயன்றேன். எட்டு நாளும் துரை முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதன்பின் நடந்ததை விவரமாக எழுதி உங்கள் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. முடிவுதானே முக்கியம்? நேற்று மாலை ஆறு மணிக்கு, மகளும் மாப்பிள்ளையும் போனில் பார்த்துக்கொண்டிருக்க, என் தராசில் ஒரு தட்டில் படிக்கற்களும் மறுதட்டில் துரையுமாக நிறுத்துக் காட்டினேன். நூற்று இருபத்தாறு கிராம். முள் நடுவில் நின்றது. மாப்பிள்ளை கைதட்டினார். ஆகவே, மகள் வைத்த கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூண்டு எடுத்துப்போக வரத் தேவையில்லை. அடுத்த முறையும் துரை இங்கேயே இருக்கட்டும் என்று தாங்களே பெருந்தன்மையோடு மகளிடம் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். இனிப் பட்டியல் எதுவும் அனுப்ப வேண்டாம். காய் நறுக்கும் முறை பற்றி என் மனைவிக்குத் தனியாகக் கடிதம் எழுதுவதையும் தாங்கள் நிறுத்திக்கொள்வது உத்தமம். கிளி வளர்ப்பு எல்லோருக்கும் வரும், சம்பந்தி. குரல் ஒன்றுதான் தேவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கமும் என் மனைவியின் அன்பும். நம் பிள்ளைகள் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ நாம் இரு வீட்டாரும் ஒருமனதாக வாழ்த்துவோம். நம் உறவு இன்றுபோல் என்றும் நிறைவோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் வைத்து, தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மணி காலை பதினொன்று. மகள் தனியாக இருந்தாள். "அப்பா, நேத்து கிளி இருந்த தட்டுக்கு அடியில உங்க சுண்டுவிரல் என்ன பண்ணிட்டிருந்துச்சு?" என்று கேட்டாள். தராசில் விரல் எங்கே ஒளியும் என்று அவளை ஒன்பது வயதில் கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டியவனே நான்தான். "அவர் பக்கத்துல இருந்தார், அதான் நேத்து ஒண்ணும் சொல்லலை" என்றாள். சம்பந்தி, துரையின் உண்மையான எடை நூற்று முப்பத்தேழு. இந்த விரலை வைத்ததற்காக எத்தனை பேருக்கு அபராதச் சீட்டு கிழித்திருக்கிறேன்! நேற்று அதே விரலை நானே வைத்தேன்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "கிளி அங்க போயிட்டா நீ எனக்கு போன் பண்ண மாட்டியேம்மா" என்றேன். "ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா நீங்க என்கிட்ட என்ன பேசுவீங்க? 'ம்', 'சரி', 'இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன்'. அவ்வளவுதான். கிளி வந்ததுக்கப்புறம்தாம்பா என்கிட்ட அரை மணி நேரம் பேசுறீங்க. அது நல்லா இருந்துச்சு, அதான் தினமும் கூப்பிட்டேன்" என்றாள். நான் "ம்" என்றேன். பிறகு சுதாரித்துக்கொண்டு இன்னும் நாலு வார்த்தை பேசினேன். பேசியதற்குக் கிடைத்த தீர்ப்பு இது: துரை ஞாயிற்றுக்கிழமையே உங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஆறு மணிப் போன் எங்கள் வீட்டுக்கும் தினமும் உண்டு. ஆனால், என் கால்சட்டைப் பொத்தான் எட்டவில்லை என்று என் மனைவி எப்போதோ போட்டுக்கொடுத்திருக்கிறாள். எனவே, இனி போனில் துரைக்குப் பதிலாக நான் என் காய்த்தட்டைக் காட்ட வேண்டும். வாரம் ஒருமுறை எடையும் காட்ட வேண்டும். ஆள் ஏறி நிற்கும் எந்திரத்தில் விரல் வைக்க இடமே இல்லை, பார்த்துவிட்டேன்.

ஆகையால் மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை அவசியம் வரவும். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே வரவும். வரும்போது நாலு காரட்டும் உங்கள் கத்தியும் கொண்டுவந்து, என் எதிரில் உட்கார்ந்து நீங்கள் பாட்டுக்குச் சாப்பிடுங்கள். என் பக்கம் திரும்பவே வேண்டாம். எனக்குக் கொடுக்கவும் வேண்டாம். நானே பிடுங்கிக்கொள்கிறேன்.