பன்னிரண்டு பத்துக்கு ஒரு பள்ளம்

கணினித் திரையில் ஓடிய சிவப்புக் கோடு அன்றும் சரியாகப் பன்னிரண்டு பத்துக்குப் பொத்தென்று விழுந்தது.

அது பெயின்ட் காயவைக்கும் அடுப்பின் சூட்டைக் காட்டும் கோடு. இரும்பு பீரோக் கதவுகள் சங்கிலியில் தொங்கியபடி உள்ளே போகும், நூற்றெண்பது டிகிரியில் காய்ந்து மறுபக்கம் வரும். சூடு குறைந்தால் சென்சார் சொல்லும், ஹீட்டர் தானாக ஏறும். ஆனால் தினமும் அதே நேரத்தில் சூடு சரிய, ஹீட்டர் பதறிப்போய் அளவுக்கு மீறிக் காய்ச்ச, வெள்ளைக் கதவுகள் மஞ்சளாக வந்தன.

"நீங்க பொறுப்பெடுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பள்ளமே இல்லையே?" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகணும். இல்லேன்னா பழையபடி ஸ்டோர் ரூம்தான்."

ஸ்டோர் ரூம் என்றாலே இன்ஜினியருக்குப் பயம். ஆறு வருஷம் ஸ்டோர் ரூமில் திருகாணிகளோடு குப்பை கொட்டியவர் அவர். இருந்தாலும் பயத்தைவிடக் குறுகுறுப்புத்தான் அதிகம். அடுப்புக்கு மணி பார்க்க யார் சொல்லிக்கொடுத்தது?

திங்கட்கிழமை ஹீட்டரைக் கொஞ்சம் சுறுசுறுப்பாக்கினார். அது இன்னும் பதறியது. கதவுகள் பழுப்பாகிவிட்டன.

செவ்வாயன்று, பன்னிரண்டுக்கே சூட்டை ஏற்றச் சொல்லிவைத்தார். பெயின்ட் கொப்புளித்துவிட்டது.

"கதவுக்கு அம்மை போட்டிருக்கு சார்," என்றார் லைனில் கதவு மாட்டும் அக்கா.

புதன்கிழமை சாப்பிடக்கூடப் போகாமல் அடுப்புப் பக்கத்திலேயே காவல் நின்றார். பன்னிரண்டு பத்து வந்தது, போனது. கோடு கோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது.

"ஆளைப் பாத்தா ஒழுங்கா இருக்கு, கவனிச்சீங்களா அக்கா?"

"நீங்க மொதல்ல போய்ச் சாப்பிடுங்க சார்," என்றார் அக்கா கவலையோடு.

வியாழனன்று நிம்மதியாக அறையில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்துவிட்டு நிமிர்ந்தால், திரையில் பள்ளம். சாயங்காலமே சென்சாரை மாற்றினார்.

வெள்ளிக்கிழமை மேனேஜரே திரை முன்னால் வந்து உட்கார்ந்தார். புது சென்சார், அதே பன்னிரண்டு பத்து, அதே பள்ளம்.

இன்ஜினியர் எழுந்து ஓடினார், மேனேஜர் பின்னாலேயே. அடுப்பின் பக்கவாட்டில், உள்ளே எட்டிப்பார்க்க வைத்த சின்னக் கதவை அகலத் திறந்து, நீள இடுக்கியில் ஒரு டிபன் டப்பாவை உள்ளே பிடித்துக்கொண்டிருந்தார் அக்கா.

இன்ஜினியருக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. "பாத்தீங்களா சார், மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல."

"கதவைத் தொறந்துவச்சா சூடு எறங்காம என்ன பண்ணும்?" என்றார் மேனேஜர்.

"அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க சார், பாவம். யாருக்காகவோ செய்யறாங்க. அந்த டப்பாக்காரன் யாருன்னு கேட்டு, எனக்குப் பதிலா அவனை ஸ்டோர் ரூமுக்கு அனுப்புங்க."

"இன்னைக்கே அனுப்பிடறேன்." மேனேஜர் அக்காவிடம் திரும்பினார். "யாரோட டப்பா இது?"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்ஜினியர் சாரோடதுதான். ஆறிப்போனா தொண்டையில எறங்காதுன்னு வந்த அன்னைக்கே சொன்னாரு. பின்ன, தெனமும் அது தானாவா சூடா இருந்துச்சு?"